ஃபாகும் மிஸ்ட்டும் ஒன்றல்ல

மார்கழி, தை மாதங்களில் ஊட்டி குதிரைப் பந்தய மைதானமும் தலைக்குந்தா புல்வெளியும் விடியற்காலையில் வெள்ளை விரித்துக் கிடக்கும். அந்தப் படங்களோடு ‘ஊட்டியில் ஸ்னோ’ என்ற செய்தியும் ஆண்டுதோறும் சுற்றிவரும். அங்கே படிந்திருப்பது ஸ்னோ அன்று, ஃப்ராஸ்ட். இரண்டும் வெண்மை, இரண்டும் குளிர்ச்சி, இரண்டும் உருகினால் தண்ணீர். பொதுப் பேச்சில் இரண்டையும் பனி என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் அவை பிறக்கும் விதம் நேர் எதிரானது. ஸ்னோ மேகத்துக்குள் உருவாகிக் கீழே விழுகிறது. மேகம் இல்லாவிட்டால் ஸ்னோ இல்லை. ஃப்ராஸ்ட் எங்கிருந்தும் விழுவதில்லை. வானம் தெளிந்து, காற்று அடங்கிய இரவில் தரை தன் வெப்பத்தை வேகமாக இழக்கிறது. புல்லும் இலையும் உறைநிலைக்குக் கீழே குளிரும்போது, காற்றிலுள்ள ஈரம் அவற்றின்மேல் நேராகப் பனிக்கட்டியாகப் படிகிறது. மேகம் போர்த்தியிருக்கும் இரவில் தரை அவ்வளவு குளிர்வதில்லை. ஆகவே மேகம் ஒன்றுக்குத் தாய், மற்றொன்றுக்குத் தடை. தேயிலைக் கொழுந்து கருகுமா என்று கவலைப்படும் விவசாயிக்கு மாலை வானத்தைப் பார்த்து முடிவெடுக்க இந்த வேறுபாடு வேண்டும். அதனால்தான் நீலகிரித் தமிழ், பனி என்ற ஒரே சொல்லோடு நிற்காமல் நீர்ப்பனி, உறைபனி என்று பிரித்துக்கொண்டது.

நம் பள்ளிகளில் ஆங்கிலச் சொற்கள் கற்பிக்கப்படும் முறை இதற்கு நேர்மாறானது. பொதுத்தேர்வு ஆங்கில வினாத்தாளில் ஒரு சொல்லைக் கொடுத்து அதே பொருள் தரும் வேறு சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். மாணவர்கள் ஒரு சொல்லுக்கு எதிரே இன்னொரு சொல்லை எழுதி மனப்பாடம் செய்கிறார்கள். இரண்டும் சமம் என்று மனத்தில் பதிந்துவிடுகிறது. ஆங்கிலத்திலேயே இந்த விஷயத்தில் இரண்டு மரபுகள் உண்டு. 1816இல் ஜார்ஜ் கிராப் வெளியிட்ட நூல், நெருங்கிய சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவை எங்கே பிரிகின்றன என்று விளக்கியது. 1852இல் பீட்டர் மார்க் ரோஜே வெளியிட்ட தெசாரஸ், அப்படிப்பட்ட சொற்களைக் கருத்துவாரியாக ஒரே இடத்தில் சேர்த்துக் கொடுத்தது. சொல் தேடும் எழுத்தாளருக்கு ரோஜே உதவினார். உலகெங்கும் புகழ் பெற்றவரும் அவரே. ஆனால் மொழியைப் புதிதாகக் கற்பவருக்கு முதலில் வேண்டியது கிராப் காட்டிய வழி. நெருங்கிய இரண்டு சொற்களின் வேறுபாடு அகராதி தரும் ஒற்றை வரிப் பொருளில் முழுமையாகத் தெரிவதில்லை. ஒரு சொல்லின் எல்லை எங்கே முடிகிறது, அந்த எல்லையை வைத்து யார் என்ன முடிவெடுக்கிறார்கள் என்பதில்தான் அது தெரிகிறது. இதற்குச் சான்று தேட லண்டன் வரை போக வேண்டியதில்லை. குன்னூரை அடுத்த வெலிங்டனும் அதைச் சூழ்ந்த நீலகிரி மலையுமே போதும்.

ஜக்கதளா என்று அழைக்கப்பட்ட பகுதியில் 1850களில் பிரிட்டிஷ் படையினருக்குப் பாசறை எழுந்தது. பிறகு அந்த இடத்துக்கு வெலிங்டன் பிரபுவின் பெயர் வந்தது. மலை ரயிலில் குன்னூருக்கும் அருவங்காட்டுக்கும் இடையே வரும் இந்த ஊர் இன்றும் கண்டோன்மென்ட். மெட்ராஸ் ரெஜிமென்டின் பயிற்சி மையம் இங்கே இருக்கிறது. தேவ்லாலியில் 1905இல் தொடங்கி 1907இல் குவெட்டாவுக்குப் போன ராணுவ அதிகாரிகள் கல்லூரி, 1947 பிரிவினையின்போது இரண்டாகி, இந்தியாவின் பங்கு வெலிங்டனுக்கு வந்தது. முப்படைகளின் இடைநிலை அதிகாரிகளும் நட்பு நாடுகளின் அதிகாரிகளும் இங்கே படிக்கிறார்கள். ராணுவத்தில் கட்டளை எழுதுவதே ஒரு தனிப் படிப்பு. அமெரிக்கத் தரைப்படைக் கையேடுகள் சப்ரஸ், நியூட்ரலைஸ், டிஸ்ட்ராய் என்ற மூன்று சொற்களை எப்படிப் பிரிக்கின்றன என்று பார்த்தால் காரணம் புரியும். எதிரியின் துப்பாக்கி வேலை செய்யாதபடி கொஞ்ச நேரம் அடக்கிவைப்பது சப்ரஸ். தாக்குதலை நிறுத்தினால் எதிரி மறுபடி தலைதூக்கலாம். நம் நடவடிக்கையில் குறுக்கிட முடியாதபடி எதிரியைச் செயலற்றவனாக்குவது நியூட்ரலைஸ். திரும்பவும் கட்டியெழுப்பாமல் போரிட முடியாத நிலைக்கு அந்தப் படையைக் கொண்டுபோவது டிஸ்ட்ராய். மூன்றையும் ‘எதிரியை ஒடுக்குதல்’ என்று தமிழாக்கிவிடலாம். ஆனால் எத்தனை குண்டு வேண்டும், எவ்வளவு நேரம் சுட வேண்டும், நம் ஆட்கள் எப்போது முன்னேறலாம் என்ற கணக்கு மூன்றுக்கும் மூன்று விதம். சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டவர் கொடுக்கும் விலை உயிர்.

வானிலைச் சொற்களில் இந்த எல்லை இன்னும் வெளிப்படையாக, மீட்டர் கணக்கிலேயே இருக்கிறது. ஃபாக், மிஸ்ட் இரண்டுமே காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகள். மிதக்கும் பொருளில் வேறுபாடு இல்லை, பார்வை எட்டும் தூரத்தில்தான் வேறுபாடு. ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பது தெரியாவிட்டால் அது ஃபாக். ஒரு கிலோமீட்டரும் அதற்கு மேலும் தெரிந்தால் மிஸ்ட். விமான நிலைய வானிலை அறிக்கைகளில் ஐந்து கிலோமீட்டர் வரை இந்தச் சொல் செல்லும். அதே மங்கல், ஈரத்தால் அல்லாமல் உலர்ந்த தூசியாலும் புகையாலும் வந்தால் பெயர் ஹேஸ். இந்திய வானிலை ஆய்வுத் துறை ஃபாகையும் தரம் பிரிக்கிறது: பார்வை 200 மீட்டருக்குக் கீழே இறங்கினால் அடர்ந்தது, 50 மீட்டருக்குக் கீழே இறங்கினால் மிக அடர்ந்தது. கிளவுட் என்ற சொல்லைச் சேர்த்தால் வேறுபாடு நிற்பவரின் இடத்தைப் பொறுத்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து பார்ப்பவருக்கு மலைச்சரிவில் தங்கியிருப்பது கிளவுட். அந்தச் சரிவில் பர்லியாறு தாண்டி வண்டி ஓட்டுபவருக்கு அதுவே ஃபாக். சமவெளியின் ஈரக்காற்று மலைமீது ஏறும்போது குளிர்ந்து மேகமாவதால், குன்னூர்ச் சரிவில் இந்த மாற்றம் சில நிமிடங்களிலேயே நிகழ்ந்துவிடும். முகப்பு விளக்கைப் போட்டு மெதுவாக ஊர்ந்து போகும் லாரிக்காரருக்கும், பறப்பதா திரும்புவதா என்று தீர்மானிக்க வேண்டிய விமானிக்கும் இந்தச் சொற்கள் அலங்காரமில்லை.

2021 டிசம்பர் 8ஆம் தேதி அந்த மலைச்சரிவில் நடந்ததை நாடு மறக்கவில்லை. வெலிங்டன் கல்லூரிக்கு வந்துகொண்டிருந்த முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், அவருடைய மனைவி உள்ளிட்ட 14 பேரை ஏற்றிய எம்ஐ-17வி5 ஹெலிகாப்டர் சூலூரிலிருந்து 11.48 மணிக்குக் கிளம்பியது. 12.15க்கு வெலிங்டனில் இறங்கியிருக்க வேண்டும். 12.08 மணியளவில் தொடர்பு அறுந்தது. காட்டேரி அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து 13 பேர் இறந்தனர். உயிர் பிழைத்த குரூப் கேப்டன் வருண் சிங்கும் ஒரு வாரத்தில் இறந்தார். 2022 ஜனவரியில் விமானப்படை வெளியிட்ட முதற்கட்ட விசாரணை முடிவு, இயந்திரக் கோளாறு, சதி, நெக்ளிஜென்ஸ் மூன்றையும் விலக்கியது. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் புகுந்தது, விமானி திசையுணர்வை இழந்தார், இயந்திரம் கட்டுப்பாட்டில் இருக்கும்போதே மலையில் மோதியது என்றது அந்த அறிக்கை. 2024 டிசம்பரில் நாடாளுமன்றப் பாதுகாப்பு நிலைக்குழுவின் அறிக்கையில் அதே விபத்துக்குக் காரணமாகக் குறிக்கப்பட்டது ஹியூமன் எரர். மேலோட்டமாகப் படிப்பவருக்கு இரண்டும் முரணாகத் தெரியும்: முன்பு விமானியின் தவறு இல்லை என்றார்கள், இப்போது தவறு என்கிறார்கள். முரண் இல்லை. எரர் என்பது முடிவு பிசகியதைச் சொல்கிறது. நெக்ளிஜென்ஸ் என்பது எடுத்திருக்க வேண்டிய கவனத்தை எடுக்காமல் விட்டதைச் சொல்கிறது. முழுக் கவனத்தோடு செயல்பட்டவருக்கும் எரர் நேரலாம். மருத்துவர்கள் மீதான வழக்குகளுக்காக 2005இல் ஜேக்கப் மேத்யூ தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது: தீர்மானத்தில் நேர்ந்த பிழை மட்டுமே நெக்ளிஜென்ஸுக்குச் சான்றாகாது. ஒரு சொல் பாடம் கற்கச் சொல்கிறது, மற்றொன்று குற்றம் சாட்டுகிறது. இரண்டையும் ‘தவறு’ என்று எழுதிவிட்டால், இறந்துபோன ஒருவர்மீது சுமத்தப்படாத பழியை நாம் சுமத்திவிடுகிறோம்.

இதுவரை பார்த்தவை துறைச் சொற்கள். ஃபாரஸ்ட், வுட், ஜங்கிள் போன்ற அன்றாடச் சொற்களுக்கும் இது பொருந்துமா என்று பார்ப்போம். மூன்றுக்கும் தமிழில் காடு என்று எழுதுகிறோம். ஆங்கிலத்தில் வுட் பழைய நாட்டுச் சொல். மரங்கள் அடர்ந்த இடம் என்பதே அதன் பொருள். ஃபாரஸ்ட், 1066க்குப் பிறகு நார்மன் ஆட்சியாளர்களோடு வந்த சொல். அரசனின் வேட்டைக்காகத் தனிச் சட்டத்தின்கீழ் ஒதுக்கப்பட்ட நிலம் என்பதே அதன் அன்றைய பொருள். அங்கே மரம் இருந்தாக வேண்டும் என்பதில்லை. 1217இல் இங்கிலாந்தில் வெளியான ஃபாரஸ்ட் சாசனம், அந்த நிலங்களில் ஆடுமாடு மேய்க்கவும் விறகு எடுக்கவும் மக்களுக்கு உள்ள உரிமையைப் பேசியது. ஜங்கிள் நம் நாட்டிலிருந்து போன சொல். சமஸ்கிருதத்தில் அதன் மூலச்சொல் வறண்ட நிலத்தைக் குறித்தது. கொங்கு நாட்டில் ஒரு விவசாயி காட்டுக்குப் போகிறேன் என்றால் தன் மேட்டு நிலத்துக்குப் போகிறார் என்று பொருள் என்பதை நினைத்தால், இந்த இடப்பெயர்ச்சி நமக்கு வியப்பாக இருக்காது. வுட் என்ற சொல் மரத்தைப் பார்த்துப் பிறந்தது, ஃபாரஸ்ட் என்ற சொல் அதிகாரத்தைப் பார்த்துப் பிறந்தது. எண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் பிறவிக்குணம் போகவில்லை என்பதை நீலகிரியே இந்தியாவுக்குக் காட்டியது.

கூடலூர்ப் பகுதியில் மரங்கள் பெருமளவில் வெட்டப்படுவதை எதிர்த்து, நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றத்தை நாடினார். 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம் ஃபாரஸ்ட் என்ற சொல்லைப் பயன்படுத்தியதே தவிர, அதற்குப் பொருள் வரையறுக்கவில்லை. அரசு அறிவித்த காப்புக்காடுகளுக்கு மட்டுமே சட்டம் பொருந்தும் என்று எடுத்துக்கொண்டால், தனியார் நிலத்திலும் பரம்பரை உடைமையான ஜன்ம நிலத்திலும் நின்ற காடுகள் அதற்கு வெளியே போய்விடும். 1996 டிசம்பர் 12ஆம் தேதி நீதிமன்றம் இட்ட ஆணை, ஃபாரஸ்ட் என்பதற்கு அகராதிப் பொருளையே கொள்ள வேண்டும் என்றது. நிலம் யாருடையதாக இருந்தாலும், அரசுப் பதிவேட்டில் காடு என்றிருந்தால் அதுவும் காடே என்றது. அதே ஆணை நீலகிரியின் தோட்டங்களைப் பற்றிப் பேசும்போது இன்னொரு கோடும் கிழித்தது: தேயிலை, காபித் தோட்டங்களில் நிழல்மரம் வெட்டும் அனுமதி, நட்டு வளர்த்த மரங்களுக்கு மட்டுமே, தானாக முளைத்து வளர்ந்த மரங்களுக்கு இல்லை. ஒரே தோட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு மரங்களின் விதியை, நடப்பட்டது, தானாக வளர்ந்தது என்ற இரண்டு சொற்கள் தீர்மானித்தன. 2023இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி ஃபாரஸ்ட் என்பதன் வரம்பைச் சுருக்கியபோது வழக்கு மறுபடி எழுந்தது. 2024 பிப்ரவரி 19ஆம் தேதி உச்ச நீதிமன்றம், மாநிலங்கள் அரசுப் பதிவேடுகளில் உள்ள காடுகளைக் கண்டறிந்து தொகுக்கும் வேலை முடியும்வரை 1996ஆம் ஆண்டின் பொருளையே பின்பற்றும்படி இடைக்கால ஆணையிட்டது.

இதோடு ஃபாரஸ்ட் கவர் என்ற சொல்லைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஃபாரஸ்ட் என்பதோடு ஒட்டிப்பிறந்ததுபோல் தோன்றினாலும் அது வேறு கணக்கு. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரக்கிளைகளின் விதானம் 10 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால், நிலம் யாருடையது, மரம் எந்த இனம் என்று பாராமல் இந்திய வன ஆய்வு நிறுவனம் அதை ஃபாரஸ்ட் கவர் என்று கணக்கிடுகிறது. யூகலிப்டஸ் தோப்பும் வாட்டில் மரக்கூட்டமும் அதில் அடங்கும். ஆனால் நீலகிரியின் உண்மையான செல்வம் சோலையும் புல்வெளியும் கலந்த மேட்டுநிலம். பள்ளங்களில் சோலை, மேடுகளில் புல் என்று அமைந்த அந்த நிலமே மழைநீரைப் பிடித்து ஓடைகளுக்குக் கொடுக்கிறது. தோடர் பழங்குடியினரின் எருமைகள் மேய்ந்த இடமும் அதுவே. ஆங்கிலேய ஆட்சி, மரமில்லாத அந்தப் புல்வெளியை கிராஸ்லேண்ட் என்று பார்க்காமல் வேஸ்ட்லேண்ட் என்று பார்த்தது. வெற்று நிலம் என்று பெயரிட்டுவிட்டால் அதில் எதையாவது நடுவது நற்செயல் ஆகிவிடுகிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டிலும் யூகலிப்டஸும் நடப்பட்டன. விடுதலைக்குப் பிறகும், தோல் பதனிடும் பட்டைக்காகவும் மரக்கூழுக்காகவும் நடவு தொடர்ந்தது. விளைவு, அழிந்துபோன புல்வெளியின்மேல் நிற்கும் வெளிநாட்டு மரக்கூட்டம் ஃபாரஸ்ட் கவர் கணக்கில் வரவு. மிச்சமிருக்கும் இயற்கைப் புல்வெளி அந்தக் கணக்குக்கே வெளியே. ஃபாரஸ்ட் கவர் கூடியிருக்கிறது என்ற செய்தியைக் காடு வளர்ந்திருக்கிறது என்று மொழிபெயர்த்தால், அந்த வாக்கியம் பொய்யாகிப்போகும்.

தேயிலைத் தொழிலில் வழங்கும் கார்டன், எஸ்டேட், பிளான்டேஷன் என்ற சொற்களும் இப்படித்தான். அஸ்ஸாமிலும் டார்ஜிலிங்கிலும் கார்டன் என்பார்கள், தென்னாட்டில் எஸ்டேட் என்பார்கள். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வட்டார வழக்கு மட்டுமே. பிளான்டேஷன் அப்படியன்று. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், திருத்தப்பட்ட வடிவில், ஐந்து ஹெக்டேருக்குக் குறையாத நிலமும் பதினைந்துக்குக் குறையாத தொழிலாளர்களும் இருந்தால்தான் அதைப் பிளான்டேஷன் என்றது. அந்தச் சட்டத்தின்கீழ் வந்தவர் தொழிலாளருக்கு வீடு, மருத்துவ வசதி, குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றைத் தர வேண்டியிருந்தது. அந்த அளவுக்குக் குறைந்த சிறு விவசாயியின் தேயிலை நிலத்தில் அதே கொழுந்தைப் பறித்தவருக்கு அந்தச் சட்டப்படி அவை கிடைக்கவில்லை. நீலகிரியில் சிறு தேயிலை விவசாயிகள் நிறைந்திருப்பதால் இந்த வேறுபாடு பல குடும்பங்களைத் தொட்டது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களுக்கு வேலை கொடுக்க உருவான டான்டீ என்ற அரசு நிறுவனத்தின் பெயரிலேயே பிளான்டேஷன் என்ற சொல் இருக்கிறது. தமிழில் எல்லாவற்றையும் தோட்டம் என்றோ எஸ்டேட் என்றோ அழைக்கிறோம். எந்தத் தோட்டம் எந்தச் சட்டத்துக்குள் வருகிறது என்பது தெரியாத தொழிலாளி தன் உரிமையைக் கேட்க முடியாது.

இதற்கு வரக்கூடிய மறுப்புகள் பொருட்படுத்தத் தக்கவை. முதலாவது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இவற்றைக் கலந்துதானே பேசுகிறார்கள் என்பது. உண்மைதான். காலைநடை போகும் ஆங்கிலேயர் பார்வைத் தூரத்தை அளந்து மிஸ்ட் என்று சொல்வதில்லை. ஆனால் அவருடைய வழக்கிலும் ஃபாக் கனமானது, மிஸ்ட் மெல்லியது. அந்த உணர்வையே வானிலைத் துறை அளவாக்கியது. பேச்சில் எல்லை தளரும், பொறுப்பு வரும் இடத்தில் இறுகும். தாய்மொழிக்காரருக்குத் தளர்ந்த வழக்கும் இறுகிய வழக்கும் இரண்டுமே தெரியும், எங்கே எது என்றும் தெரியும். நாம் தளர்ந்த வழக்கை மட்டும் கற்றுக்கொண்டு நீதிமன்றத்துக்கும் மருத்துவமனைக்கும் அலுவலகத்துக்கும் போகிறோம் என்பதே சிக்கல்.

இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது. ஒவ்வொரு துறையும் தனக்கு வேண்டியபடி வரையறுக்கிறது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் அரை ஹெக்டேரிலிருந்து ஃபாரஸ்ட் என்கிறது, நம் வன ஆய்வு நிறுவனம் ஒரு ஹெக்டேரிலிருந்து தன் கணக்கைத் தொடங்குகிறது, நீதிமன்றம் அகராதியைக் காட்டுகிறது. அப்படியானால் சொல்லுக்கென்று சொந்தப் பொருள் எங்கே என்று கேட்கலாம். வரையறைகள் பலவாக இருப்பது, வரையறை வேண்டாம் என்பதற்குக் காரணமாகாது. எது யாருடையது என்று கேட்க வேண்டும் என்பதற்கே காரணமாகும். பெயரை மாற்றி ஒட்டுவதால் பொருள் மாறிவிடுவதும் இல்லை. லீஸ், லைசென்ஸ் என்ற இணையை எடுத்துக்கொள்வோம். லீஸ் இடத்தின்மேல் ஓர் உரிமையைத் தருகிறது, லைசென்ஸ் பயன்படுத்தும் அனுமதியை மட்டும் தருகிறது. 1959இல் அசோசியேட்டட் ஹோட்டல்ஸ் வழக்கில், பத்திரத்தில் லைசென்ஸ் என்று எழுதியிருந்தும் உச்ச நீதிமன்றம் அதன் சாரத்தைப் பார்த்து அது லீஸே என்று தீர்த்தது. எந்தச் சொல் உண்மையில் பொருந்துகிறது என்று ஆராய்ந்ததாலேயே அந்தத் தீர்ப்பு வந்தது. சொற்களுக்கிடையே வேறுபாடே இல்லையென்றால் ஆராய எதுவும் இருந்திருக்காது.

மூன்றாவதாக, இது ஆங்கில மோகம் அல்லவா, தமிழில் இல்லாத நுணுக்கத்தை அங்கே தேடுவதா என்று சிலர் கேட்கலாம். நுணுக்கம் நம்மிடம் பழமையானது. கேட்பவர் தாழ்ந்தவராயின் ஈ, ஒத்தவராயின் தா, உயர்ந்தவராயின் கொடு என்று, கேட்கும் சொற்களைக்கூடத் தொல்காப்பியம் பிரித்து வைத்தது. பூவின் ஒவ்வொரு பருவத்துக்கும் அரும்பு, போது, மலர், வீ என்று பெயர் வைத்த மொழிக்கு, நெருங்கிய சொற்களைப் பிரித்துப் பார்ப்பது புதிய பழக்கமன்று. ஆங்கிலச் சொற்களின் எல்லையைக் கவனமாகப் பார்ப்பவருக்குத் தமிழில் எதை இன்னும் பிரித்துச் சொல்ல வேண்டும் என்பதும் தெரியவரும். சட்டமும் ஆணையும் அறிக்கையும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, அவற்றின் விளைவைச் சுமப்பவர்கள் தமிழில் வாழும் நிலை இருக்கும்வரை, இந்தக் கவனம் தமிழுக்குச் செய்யும் தொண்டே.

ஆகவே ஆசிரியர்களுக்கும் செய்தியாளர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கு ஒரே தமிழ்ச்சொல்லை எழுதும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இந்தச் சொல்லின் எல்லையை எது வகுக்கிறது, அதை வகுப்பவர் யார், எல்லையைத் தாண்டினால் யாருக்கு என்ன நேரும். வகுப்பில் ஒரே பொருள் தரும் சொல்லைக் கேட்கும் ஒவ்வொரு முறையும், அந்த இரண்டும் எந்த வாக்கியத்தில் இடம் மாற முடியாது என்றும் கேளுங்கள். எரருக்குப் பிழை, நெக்ளிஜென்ஸுக்குக் கவனக்குறைவு, ஃபாரஸ்ட் கவருக்கு மரப்போர்வை என்று பிரித்து எழுத நம்மிடம் சொல் இருக்கிறது. அரசாணைகளிலும் பாடநூல்களிலும் செய்தித்தாள்களிலும் அவற்றை ஒரே சீராக எழுதத் தொடங்குவதே இனிச் செய்ய வேண்டிய வேலை.